வீட்டுக் கணனியும் விழிப்புள்ள குடும்பமும்

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை அன்று திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடியது. அன்று காலை பொங்கி எழுந்த கடல், கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது என்றோ, கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்றோ பாராமல் கரையோரக் குடும்பங்களை வாரிச் சென்றது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டமே. உயிர் தப்பியோருக்குப் பின்னர் வேறொரு துன்பமும் காத்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. காணி உறுதி இல்லை. இழந்த பிள்ளையின் ஒரு புகைப்படமேனும் இல்லை.

இன்று பல வீடுகளில் கணனி உண்டு. கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. இவற்றின் வழியாகச் செலவின்றிக் கிடைக்கும் நன்மைகள் பல. பணத்தையும் மானத்தையும் பறிக்கும் தீமைகளும் அதே வாசலால் நுழைகின்றன. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று அறிவது பெற்றோரின் கடமை. இதனை ஐந்து பாடங்களாக நோக்குவோம்.

1. பத்திரங்களைக் காத்தல்

ஞானஸ்நானச் சான்றிதழ், பிறப்பு, விவாகப் பதிவுகள், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தெளிவாகப் படம்பிடித்து இணையத்தில் சேமித்து வைக்கலாம். கூகுள் கணக்கு வைத்திருப்போருக்கு 15 கிகாபைட் இடமும், மைக்ரோசொப்ட் கணக்கு வைத்திருப்போருக்கு 5 கிகாபைட் இடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு குடும்பத்தின் பத்திரங்களுக்கு இது தாராளம். இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் பதிந்து, கடலோரத்திற்கு அப்பால் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். படம் மூலப் பத்திரமாகாது. ஆயினும் அதிலுள்ள பதிவிலக்கமும் திகதியும் கையில் இருந்தால், உரிய அலுவலகத்தில் புதிய பிரதி பெறுவது எளிதாகும். விளக்கோடு எண்ணெயையும் எடுத்துச் சென்ற விவேகமுள்ள கன்னியரின் உவமை இங்கும் பொருந்தும்.

2. பழுது பார்த்தல்

பிரதி எடுத்து வையாததன் விளைவை நமது நாட்டு அரசே அனுபவித்தது. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம், கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்த வைரஸ் ஒன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கியது. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. வைகாசி 17 முதல் ஆவணி 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமற் போயின. மென்பொருள் பழையதாக இருந்தது. அக்காலத்திற்குரிய பிரதி வேறிடத்தில் வைக்கப்பட்டிருக்கவில்லை. இவையிரண்டும் நம் வீடுகளிலும் காணப்படும் குறைகளே.

ஆகவே கணனி புதுப்பித்தல் கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஐப்பசி 14ஆந் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணனியில் உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்களை நிறுவலாம். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஒபிஸ் இலவசம். இவை இருக்க, திருட்டுப் பிரதிகளை நாடுவது நீதியுமன்று, பாதுகாப்புமன்று. வைரஸ் பலவேளைகளில் அவற்றோடு வருகிறது. விண்டோஸ் உடனேயே கிடைக்கும் டிபென்டர் என்னும் காவலனை அணைத்துவிடாதீர்கள். சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதும்.

3. ஆறு இலக்கங்களின் இரகசியம்

“தவறுதலாக உங்கள் இலக்கத்திற்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அதை எனக்கு அனுப்புங்கள்” என்று தெரிந்தவர் பெயரிலேயே வட்ஸ்அப்பில் செய்தி வரும். அனுப்பிய மறுகணம் உங்கள் கணக்கு திருடனின் கையில். பின்னர் அவன் உங்கள் பெயரால், கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளிடம் அவசரத்திற்குப் பணம் கேட்பான். அம்மா கேட்கிறார் என்று நம்பி அவர்களும் அனுப்புவர்.

அந்த ஆறு இலக்கக் குறியீட்டை எவருக்கும் கொடுக்கலாகாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் கொடுக்கலாகாது. வட்ஸ்அப் அமைப்புகளில் உள்ள இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். பணம் கேட்டுச் செய்தி வந்தால், நேரே அழைத்துக் குரலைக் கேட்ட பின்பே அனுப்புங்கள். கடவுச்சொல் நீளமாகவும் கணக்கிற்குக் கணக்கு வேறாகவும் இருக்கட்டும். நினைவில் நில்லாதெனின், கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வங்கிக்கு உடனே அறிவியுங்கள். இலங்கைக் கணனி அவசர பதிலளிப்பு அமைப்பின் 101 என்னும் இலக்கத்தையும் அழையுங்கள். வெளிநாட்டு வேலை என்று வரும் விளம்பரங்களை, வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரித்த பின்பே நம்புங்கள்.

4. பிள்ளைகளின் கல்வி

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் தமிழிலும் உள்ளன. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் பெறுபேறுகளைப் பார்க்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இயங்குகிறது. கணனியைப் பிள்ளையின் அறைக்குள் அடைக்காமல், எல்லோரும் நடமாடும் விறாந்தையில் வையுங்கள்.

5. பொய்ச்சாட்சி சொல்லாமை

2018 மாசி 26ஆந் திகதி, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக ஒரு பொய் கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. முகநூலில் பரவிய காணொளி அப்பொய்யை நாடெங்கும் கொண்டு சென்றது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது மாத்திரை எதுவும் காணப்படவில்லை, மாக்கட்டியே இருந்தது. உண்மை வெளிவருமுன் தீமை நடந்து முடிந்துவிட்டது.

கல்முனையில் நாம் முஸ்லிம் சகோதரரோடு ஒரே சந்தையில் வாங்கி, ஒரே கடலில் உழைத்து வாழ்கிறோம். ஆராயாத செய்தியை விரலால் தட்டி அனுப்புவதும் எட்டாம் கட்டளைக்கு விரோதமான பாவமே. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது சாட்டாகாது.

இவ்வாரக் குடும்ப வேலை: செபமாலை முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரங்களைப் படம்பிடியுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். கணனியைப் புதுப்பியுங்கள். இவை தெரியாத அயல்வீட்டு முதியவர் ஒருவருக்கும், எம்மதத்தவராயினும், இவற்றைச் செய்து கொடுங்கள்.