நெருப்பில்லாத வெடிப்பு: குக்கரிலிருந்து யெல்லோஸ்டோன் வரை

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் நிலக்கோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எரிமலைகளின் வகைகளைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், அமெரிக்காவுல ஒரு பார்க்ல எரிமலை வெடிச்சு ஜனங்க ஓடுற வீடியோ பார்த்தேன். கறுப்பா மேல எழும்புது, கல்லெல்லாம் பறக்குது. ஆனா நெருப்பே வரல. அது எந்த வகை எரிமலை?"

மணி அடிக்கும் நேரம். "சாம்பலை உமிழும் எரிமலையாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாலையில் தேடிப் படித்தபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. மறுநாள், "நேற்று நான் சொன்னது தப்பு; வாங்க, சேர்ந்து சரிசெய்வோம்" என்று வகுப்பைத் தொடங்கினேன். அந்தத் திருத்தம் இரண்டு பாடவேளைகளுக்கு நீண்டது.

நடந்தது என்ன?

மாணவன் பார்த்தது, 2024 ஜூலை 23 காலை 10 மணியளவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நிகழ்ந்தது. அங்கே பிஸ்கட் பேசின் என்ற பகுதியில் பிளாக் டைமண்ட் பூல் என்றொரு வெந்நீர்க் குளம் உண்டு. அது திடீரென்று வெடித்து, நீராவியும் சேறும் பாறைத் துண்டுகளும் நூறு மீட்டருக்கும் மேலே எழும்பின. சுற்றுலாப் பயணிகள் நின்றிருந்த மரநடைபாதை சேதமடைந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

இதில் பாறைக்குழம்பு மேலே வரவில்லை. வெடித்தது தண்ணீர்தான். இதற்கு நீர்வெப்ப வெடிப்பு என்று பெயர். ஆழத்தில் உள்ள பாறைக்குழம்பு வெப்பத்தை மட்டும் தருகிறது; வெடிக்கும் வேலையை நிலத்தடி நீர் செய்கிறது.

பத்து மீட்டர் கிணறும் குக்கர் வெயிட்டும்

"தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டேன். "நூறு" என்று வகுப்பே சொன்னது. "வீட்டுக் குக்கருக்குள்?" என்றதும் அமைதி.

வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதனால் நீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கிறது. நிலத்தடியில் அந்த வெயிட்டின் வேலையை மேலே நிற்கும் நீரே செய்கிறது. 10 மீட்டர் நீர்த்தூண் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் உள்ள நீர், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நீராகவே இருக்க முடியும். யெல்லோஸ்டோனின் நாரிஸ் பகுதியில் 332 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது வெப்பநிலை சுமார் 237 டிகிரி இருந்தது.

வெந்நீர் பாறையிலுள்ள சிலிகாவைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. குளிரும் இடத்தில் அது படிந்து, பாறையின் துளைகளையும் பிளவுகளையும் அடைக்கிறது. அடைப்பு திடீரென்று விரிசல் விட்டாலோ, மேலே உள்ள அழுத்தம் வேறு காரணத்தால் குறைந்தாலோ, அடக்கிவைக்கப்பட்ட நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. கொதிநீர் பீறிடும் ஊற்றில் நீர் வெளியேறத் திறந்த குழாய் போன்ற வழி இருக்கும். வழி இல்லாதபோது பாறையே உடைகிறது.

எங்கள் அறிவியல் ஆசிரியருடன் சேர்ந்து ஒரு கணக்கும் போட்டோம். 120 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரின் அழுத்தத்தைச் சட்டென்று எடுத்துவிட்டால், ஏறத்தாழ 37 கிராம் மட்டுமே ஆவியாகும். ஆனால் அந்த 37 கிராம் ஆவிக்கு 60 லிட்டர் இடம் வேண்டும்! மாணவர்கள் நான்கு தண்ணீர்க் குடங்களை மனத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

அப்போது முன்வரிசை மாணவி ஒருத்தி தன் முழங்கையைக் காட்டினாள். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் சமையல் அவள் பொறுப்பு. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டு, ஆவி முழுதும் போவதற்குள் மூடியை இழுத்திருக்கிறாள். கொதித்த பருப்பு கையில் தெறித்த தழும்பு அது. "அடுப்பைத்தான் அணைச்சிட்டேனே டீச்சர், அப்புறம் ஏன் பொங்குச்சுன்னு இப்பதான் புரியுது" என்றாள். அதன்பிறகு பாடத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

ஆசிரியரே செய்து காட்ட வேண்டியது. கொதிக்கவைத்து, சுமார் 70 டிகிரிக்கு ஆறவிட்ட நீரை, ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சில் கால்பங்கு எடுங்கள். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, முனையை ரப்பர் மூடியால் அடையுங்கள். பிஸ்டனை வேகமாகப் பின்னால் இழுங்கள். அடுப்பே இல்லாமல் நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். பிஸ்டனை விட்டால் கொதிப்பு நின்றுவிடும். வெப்பத்தைக் கூட்டாமலே, அழுத்தத்தைக் குறைத்துக் கொதிக்கவைக்கலாம் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். முன்பே கொதிக்கவைப்பது ஏன் என்றும் கேளுங்கள்: கரைந்துள்ள காற்று பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், வருவது காற்றுக்குமிழி என்ற ஐயம் குறையும்.

இது ஏன் பேரிடர்ப் பாடம்?

எரிமலை பொங்குவதற்கு முன் நில அதிர்வு, தரை வீக்கம் போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் தெரியும். நீர்வெப்ப வெடிப்பு ஆழம் குறைந்த இடத்தில் நிகழ்வதால் முன்னறிவிப்பே இல்லாமலும் வரலாம். பிஸ்கட் பேசினில் இதற்கு முன் 2009 மே மாதத்திலும் ஒரு சிறு வெடிப்பு நிகழ்ந்தது. நாரிஸில் 1989 செப்டம்பர் 5 அன்று போர்க்சாப் என்ற ஊற்று வெடித்து, கற்களை 60 மீட்டருக்கு அப்பாலும் எறிந்தது. யெல்லோஸ்டோன் ஏரியின் மேரி விரிகுடா சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் இப்படி உண்டான பள்ளம். அதன் அகலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். 1990 அக்டோபரில் எல் சால்வடாரின் அகுவா சூக்காவில் நிகழ்ந்த வெடிப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்போது நாரிஸில் காதுக்கு எட்டாத குற்றொலியைப் பதிவுசெய்யும் கருவிகள் உள்ளன. வெடித்ததை அவை சொல்லும். வெடிக்கப் போவதைச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே அங்கே போகிறவருக்குப் பாதுகாப்பு, நடைபாதையை விட்டு இறங்காமலும் தடைப்பலகையை மீறாமலும் இருப்பதும், சத்தம் கேட்டதும் படமெடுக்க நிற்காமல் விலகுவதும்தான்.

ஒரு எச்சரிக்கை: எல்லா வெந்நீர் ஊற்றுகளும் வெடிக்கும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. மணிகரண் போன்ற நம் நாட்டு ஊற்றுகளைச் சொல்லி, வெப்பம், நீர், அடைப்பு, திடீர் அழுத்தக் குறைவு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் வெடிப்பு என்பதை வலியுறுத்துங்கள்.

கலந்துரையாட:

1. பீறிடும் ஊற்றுக்கும் நீர்வெப்ப வெடிப்புக்கும் என்ன வேறுபாடு?
2. குக்கரின் பாதுகாப்பு வால்வு போல நிலத்துக்கு எது இருக்கிறது?
3. முன்னறிவிப்பு இல்லாத பேரிடருக்கு எப்படித் தயாராவது?

பாடம் முடிந்த அன்று வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று கொடுத்தேன்: குக்கரை எப்போது திறக்கலாம், ஏன் என்பதை வீட்டில் சமைப்பவருக்கு விளக்கிவிட்டு வர வேண்டும். தழும்புள்ள மாணவி மறுநாள் வந்து சொன்னாள்: "தம்பிக்குத்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வருஷம் அவன்தான் சமைக்கணும்."