முன்பதிவுத் தளங்களில் பாட் காவல்

சந்திரகிரியை அடுத்த சீனிவாச மங்காபுரத்தின் அருகிலிருந்து திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை தொடங்குகிறது. எனினும் இக்காலத்தில் யாத்திரிகர் பலருக்கு முதற்படி இணையதளத்திலேயே அமைகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் குறித்த நாளில், குறித்த வேளையில் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. அவ்வேளையில் பல்லாயிரவர் ஒருங்கே வந்து சேர்வர். விரைவே வெற்றியை நிர்ணயிக்குமாயின், மனிதரினும் விரைந்து செயற்படும் தானியங்கி நிரல்களுக்கு ஆதாயம் உண்டாகிறது. இந்நிரல்களையே பாட் என்று வழங்குகின்றனர்.

இது கற்பனையான அபாயமன்று. ரயில்வே முன்பதிவில் தட்கல் தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களில், உள்நுழைவு முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட்களுடையவை என்றும், ஐயத்திற்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் 2025 ஜூனில் அரசு அறிவித்தது.

மிடில்வேர் யாது?

பைத்தான் மொழியில் அமைந்த தளத்திற்கு ஒரு வேண்டுகோள் வரும்போது, அது நேராகச் சீட்டு வழங்கும் பகுதியை அடைவதில்லை. இடையில் வரிசையாக நிற்கும் சில செயலிகளைக் கடந்தே செல்கிறது. இவையே மிடில்வேர் எனப்படும். ஜாங்கோ என்னும் சட்டகத்தில் இவை ஒரு பட்டியலாக எழுதப்படுகின்றன. வேண்டுகோள் மேலிருந்து கீழாகவும், மறுமொழி கீழிருந்து மேலாகவும் செல்லும். ஆதலின் காவற் செயலியை எவ்விடத்தில் நிறுத்துவது என்பது முக்கியமானது. முகவரியைக் கொண்டு எண்ணும் காவல் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கலாம். பயனர் கணக்கைக் கொண்டு எண்ணும் காவல், பயனரை அடையாளம் காணும் செயலிக்குப் பின்னரே இருத்தல் வேண்டும்.

வாளிக் கணக்கு

வேகத்தைக் கட்டுப்படுத்தும் எளிய முறை ஒன்றுண்டு. ஒவ்வொருவருக்கும் 10 வில்லைகள் கொண்ட ஒரு வாளி இருப்பதாகக் கொள்க. ஒரு வேண்டுகோளுக்கு ஒரு வில்லை செலவாகும். 6 விநாடிக்கு ஒரு வில்லை மீண்டும் சேரும். 8 விநாடிக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தும் மனிதர் ஒருபோதும் தடைப்படார். விநாடிக்கு 20 முறை கேட்கும் பாட், ஒரு நிமிடத்தில் 1200 முறை கேட்டும் ஏறக்குறைய 20 முறையே உள்ளே செல்லும். மற்றவற்றிற்கு 429 என்னும் குறியெண்ணும், எத்தனை விநாடி பொறுக்கவேண்டும் என்ற குறிப்பும் மறுமொழியாக அனுப்பப்படும்.

நேரக்கூடிய மூன்று பிழைகள்

முதலாவது, கணக்கைப் பிரித்து வைத்தல். தளம் 4 செயல்முறைகளாக இயங்கி, ஒவ்வொன்றும் தன் நினைவகத்திலேயே எண்ணுமாயின், 10 என்ற வரம்பு உண்மையில் 40 ஆகிவிடும். ரெடிஸ் போன்ற பொதுச் சேமிப்பில் எண்ணிக்கையை வைத்தல் இதற்குப் பரிகாரமாகும்.

இரண்டாவது, முகவரியைத் தவறாக அறிதல். தளத்தின் முன்னே இடைச்சேவையகம் நிற்குமாயின், எல்லா வேண்டுகோள்களும் அதன் முகவரியிலிருந்தே வருவதுபோல் தோன்றும். அந்நிலையில் ஒரு பாட்டின் பொருட்டு அனைவரும் தடுக்கப்படுவர். மாறாக, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்னும் தலைப்பை ஆராயாமல் நம்பினால், பாட் அதில் பொய் முகவரிகளை எழுதித் தப்பிவிடும். தம் இடைச்சேவையகம் சேர்த்த பகுதியை மட்டுமே நம்புதல் வேண்டும்.

மூன்றாவது பிழையே எளியோரை வருத்துவது. கைப்பேசி நிறுவனங்கள் பலருக்கு ஒரே பொது முகவரியை அளிக்கின்றன. கிராமத்துச் சேவை மையத்திலும் பலர் ஒரே இணைப்பிலிருந்து விண்ணப்பிக்கின்றனர். முகவரி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், சொந்தக் கணிப்பொறி இல்லாதவரே முதலில் வெளியே நிற்பர். ஆதலின் முகவரிக்குத் தாராளமான வரம்பும், பயனர் கணக்கிற்கு இறுக்கமான வரம்பும் விதித்தல் நன்று. எழுத்துப் படத்தைப் படிக்கச் சொல்லும் சோதனை கண்பார்வையற்றோரைத் தடுக்கும். அதற்கு மாற்றுவழி ஒன்றும் வைத்தல் வேண்டும்.

புதிய விதியை நிறுவியவுடன் தடுக்கத் தொடங்கலாகாது. சில நாட்கள் பதிவேட்டில் குறித்துமட்டும் வந்து, எவர் தடுக்கப்பட்டிருப்பர் என ஆராய்ந்த பின்னரே நடைமுறைப்படுத்துக.

காவலினும் சிறந்த வழி

பாட்டின் பலம் விரைவில் உள்ளது. விரைவுக்குப் பயனில்லாமற் செய்தால் அப்பலம் குன்றும். தேவஸ்தானம் சில ஆர்ஜித சேவைகளுக்கு மின்னணுக் குலுக்கலைக் கையாளுகிறது. பதிவு செய்வதற்குக் கால அவகாசம் இருப்பதால், முதல் விநாடியில் வந்தவருக்குத் தனிச் சலுகை இல்லை. எனினும் ஒருவரே பல பெயரில் பதிவு செய்வதைத் தடுக்க அடையாளச் சரிபார்ப்பும் உடன் வேண்டும். தட்கல் பதிவிற்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்புக் கட்டாயமாக்கப்பட்டமை இந்நோக்கம் பற்றியதே.

வகுப்பறைச் சோதனை

30 மாணவரை ஒரே இணைப்பிலிருந்து, ஒரே சமயத்தில், ஒரு மாதிரித் தளத்திற்குத் தலா ஒரு வேண்டுகோள் அனுப்பச் செய்க. மேற்கூறிய வாளியை முகவரிக்கு ஒன்றாக வைத்தால் 10 பேர் செல்வர். 20 பேர் நிற்பர். கணக்கிற்கு ஒன்றாக வைத்தால் 30 பேரும் செல்வர். நின்ற இருபதின்மரில் ஒருவரும் பாட் அல்லர் என்பதை மாணவர் தாமே கண்டறிதல் இப்பாடத்தின் பயனாகும்.