நான்கு முகம், ஒரே ஆள்

போன மாத இளையர் வகுப்பில், "டிவியிலும் விளம்பரத்திலும் நம்ம ஆளுங்க போதுமான அளவு வர்றாங்களா?" என்று ஒரு கேள்வி வந்தது. "வர்றாங்களே, என்ன குறை?" என்றான் ஒரு தம்பி. பொறியியல் படிக்கிறவன் இல்லையா, நான் உடனே எண்களைத் தேடினேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. பத்துப் பேர் வரும் விளம்பரத்தில் ஒருத்தர் இந்தியர் என்றால் கணக்கு சரி. அப்போ பிரச்சினை இல்லையா?

2019 ஜூலையில் வந்த 'இ-பே' விளம்பரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். தூடோங் அணிந்த ஒரு மலாய்ப் பெண்ணும் 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை மாட்டிய ஓர் இந்தியரும் அதில் உண்டு. நான்கு பேருமே ஒரே ஆள்தான்: மீடியாகார்ப் நடிகர் டென்னிஸ் சியூ. முத்துசாமிக்காக அவர் தோலைக் கருப்பாக்கியிருந்தார்கள்.

மின்கட்டண வசதி எல்லாருக்கும் உரியது என்று காட்டத்தான் பல வேடம் போடக்கூடிய நடிகரைத் தேர்ந்தெடுத்தோம் என்று தயாரித்தவர்கள் விளக்கினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். பிறகு நடிகரும் கேட்டார். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அது ரசனைக்குறைவானது, ஆனால் விதிமீறல் இல்லை என்றது. கெட்ட வார்த்தைகளோடு பதில் ராப் காணொளி வெளியிட்ட பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. அவர்கள் பேசிய முறை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்று ஊரே முறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு விஷயத்தை மறந்துவிட்டது என்பது என் கருத்து.

விஷயம் இதுதான். காகிதத்தில் அந்த விளம்பரத்தில் பல இனமும் இருக்கு. கணக்கு சரி. ஆனால் முத்துசாமி அந்த ஒப்பனை அறைக்கு வரவே இல்லை. உண்மையான ஓர் இந்திய நடிகருக்குக் கிடைக்க வேண்டிய ஒருநாள் வேலையும் சம்பளமும் ஒரு டப்பா மாவுக்குப் போயிடுச்சு. யோசனை சொன்ன இடத்திலிருந்து படம் அச்சாகும் வரை எத்தனை பேர் கையைத் தாண்டியிருக்கும்! "இது வேணாம்" என்று சொல்லி நிறுத்த ஒருத்தரும் இல்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கா என்று தெரியல. முதலாம் ஆண்டில் ஒரு மாணவர் குழு அறிமுக வீடியோ எடுத்தது. "எங்களுக்கு ஓர் இந்தியன் வேணும்" என்றார்கள், போனேன். எனக்கு ஒரே வசனம். "கொஞ்சம் இந்தியன் மாதிரி பேசு" என்றார்கள். இதுக்கு முன்னாடி எப்படிப் பேசினேனாம்? கேட்கவில்லை. தலையை ஆட்டி, நாக்கை மடித்துப் பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

வீட்டில் தங்கச்சி அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினாள். அப்பா இருபது வயதில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். நான் போட்டுக்காட்டிய ஆங்கிலம் அவருடையது. கடைசிவரை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நம்ம பக்கமும் சுத்தம் இல்லை. ஒரு முகாமில் எங்கள் நாடகத்தில் சீனக் கடைக்காரராக நடித்த பையன் கண்ணை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டு வந்தான். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். தமிழ்த் தொடரில் கதாநாயகி எப்போதும் வெள்ளையாக இருப்பதை நாம் கேட்கிறோமா? 1975-இல் இந்தியாவில் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயர் மாற 2020 ஆச்சு.

அடுத்த வகுப்புக்கு ஒரு சின்ன வேலை. ஒரு மணி நேரம் ஆங்கில டிவி பாருங்கள், விளம்பரத்தையும் சேர்த்து. ஒவ்வோர் இந்தியப் பாத்திரத்துக்கும் பெயர், வேலை, பேசிய வசனம் என்று எழுதுங்கள். பெயருக்கு விட்ட இடத்தை முதலில் பாருங்கள். என் தாளில் அது பெரும்பாலும் காலியாகவே இருந்தது.