நிறைவேறாத அழிப்பும் அதன் பதிவும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலேனும் இராஜபாளையத்திலேனும் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு நிலப்பத்திரம் கொண்டு சென்றோர், பதிவான பத்திரம் புத்தகத்தில் ஏறுதலை அறிவர். மறுக்கப்பட்ட பத்திரத்திற்கும் ஒரு புத்தகம் உண்டென்பதை அறிந்தவர் சிலரே. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதனை இரண்டாம் புத்தகம் என்கிறது. சொத்து தம் எல்லைக்குட்பட்டதன்று என்னும் காரணமன்றி வேறெக்காரணத்தால் மறுப்பினும், சார்பதிவாளர் அக்காரணத்தை அதில் வரைதல் வேண்டும். நடவாத காரியத்திற்கு ஏடு எதற்கு எனின், மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும் நாளில் அதுவே சான்று.

கணிப்பொறித் தரவுத்தளத்திற்கும் இம்முறையே வேண்டற்பாலது. உரிமையற்ற ஒருவன் கணக்கின் வரியொன்றை நீக்க முயல்கிறான், தளம் தடுத்துவிடுகிறது. பொருள் கெடவில்லையே என்று நாம் வாளா இருத்தல் ஆகாது. பூட்டு உடையாவிடினும், பூட்டைத் தொட்ட கை எதுவென அறிய வேண்டுமன்றோ? இன்று தோற்றவன் நாளை உரிமையுள்ளவன் கடவுச்சொல்லைத் தேடுவான்.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. தரவுத்தளத்தில் ஒரு செயல்தொகுதி முற்றும் நிறைவேறும். அன்றேல் தொடங்காததுபோல் முற்றும் பின்வாங்கும். நீக்கம் தடுக்கப்பட்டுத் தொகுதி பின்வாங்குங்கால், அதனுள்ளேயே எழுதிய குறிப்பும் உடன் மறையும். சிலேட்டில் தவறான கணக்கையும் அதன் பிழைக்குறிப்பையும் ஒருங்கே துடைத்தாற் போல. இதற்கென்றே ஆரக்கிள் முதலிய தளங்களில் தனித்து நிறைவேறும் செயல்தொகுதி உண்டு. போஸ்ட்கிரஸ் தளத்திலோ, உரிமையற்றவன் கேட்ட உடனே, விசைநிரல் இயங்குமுன்னரே மறுப்பு வந்துவிடும். ஆதலின் சேவையகத்தின் பிழைக்குறிப்பேட்டையே நம்புதல் வேண்டும். யார், எப்பொழுது, எக்கணிப்பொறியிலிருந்து, எவ்வட்டவணையை நாடினார், ஏன் மறுக்கப்பட்டார் என்பன அதில் இருத்தல் வேண்டும். அவ்வேடும் அத்தளத்தின் நிருவாகியே திருத்தவியலாத பிறிதோரிடத்தில் இருத்தல் நலம். திருடனிடமே காவற்புத்தகத்தைக் கொடுப்பாருண்டோ!

இராஜபாளையத்து நூற்பாலைகள் உட்பட நம் நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நாளுடன் பதிவாதல் வேண்டுமென்றும், அப்பதிவை முடக்கவியலாதிருத்தல் வேண்டுமென்றும் உள்ள விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அது நிகழ்ந்த திருத்தத்தையே பேசுகிறது. தடுக்கப்பட்ட முயற்சியைப் பேசவில்லை. இதனைக் குறையென்றே நாம் கருதுகிறோம். சேர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் விடுத்த ஆணை, கணிப்பொறிக் குறிப்பேடுகளை 180 நாள் காக்கச் சொல்கிறது. கணக்குத் தகராறொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றப் படியேறுமுன் அந்நாள்கள் கழிந்துபோதல் எளிது. ஆதலின் அழிப்பு முயற்சிக் குறிப்புகளை மட்டுமேனும் அதனினும் நெடிது வைத்திருத்தல் தக்கது.