காணொளியும் தமிழ் வகுப்பும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கன் புலமை பெறும் வகையைக் கால், அரை என்று கூறுபடுத்திக் காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தூன்றிக் கேட்டாலும் அவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு கூடிப் பயில்வதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் நிரம்புகிறது. இதனை ஆண்டுதோறும் இளங்கலை வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். நடத்திவிட்டு, முதற் காற்பங்கை மட்டும் கொடுத்து, முழுப்பங்கிற்கும் தேர்வு வைக்கிறோம்! மாணாக்கரைக் கொண்டே காணொளிப் படங்கள் எடுக்கும் முயற்சியில் நான் இறங்கியதற்கு இம்முரண்பாடே காரணம்.

புத்தொளிப் பயிற்சிகளில் இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எட்கர் டேல் என்னும் அமெரிக்கக் கல்வியாளரின் அனுபவக் கூம்பினைத் திரையில் காட்டுவர். படிப்பதில் பத்து விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்பதில் இருபது, காண்பதில் முப்பது, செய்வதில் தொண்ணூறு என்று அக்கூம்பின் ஓரத்தில் எண்கள் அடுக்கப்பட்டிருக்கும். உண்மையில் டேல் 1946இல் வெளியிட்ட நூலில் அக்கூம்பு உண்டு, அவ்வெண்கள் இல்லை. அவை பிற்காலத்தார் ஒட்டியவை. நன்னூலாரின் கால் அரைக் கணக்கும் ஆய்வு செய்து அளந்த கணக்கன்றுதான். எனினும் அவர் அதனை ஆய்வு முடிபு என்று கூறவில்லை. பாடம் சொல்லிப் பழகியவரின் மதிப்பீடாகவே வைத்தார். இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு உணர்த்துவதும் ஆய்வியல் பாடத்தின் ஒரு பகுதியே என்பேன்.

காட்சிவழிக் கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் துணையுடன் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. இவை யாவும் நற்பணிகள். ஆயினும் இவற்றில் மாணாக்கன் பார்வையாளனாகவே அமர்ந்திருந்தான். வானிலிருந்து வந்ததும் அந்த முதற் காற்பங்குதான். இன்று ஒவ்வொரு மாணாக்கனின் சட்டைப்பையிலும் படக்கருவி இருக்கிறது. அவன் எடுத்துரைப்பவனாக மாறுவதற்குக் கருவித் தடை நீங்கிவிட்டது.

நெய்தலில் எழுந்த ஐயம்

முதலாண்டில் அகத்திணைப் பாடத்தையே எடுத்துக்கொண்டோம். வகுப்பை எட்டெட்டுப் பேராகப் பகுத்து, குழுவிற்கு ஒரு திணை என்று அளித்து, ஐந்து நிமிடத்திற்கு மிகாத படம் வேண்டும் என்றேன். திரைமொழி பற்றி எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தொல்காப்பியமே கைகொடுத்தது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் தொலைவிலிருந்து எடுக்கும் அகன்ற காட்சி. கருப்பொருள், அண்மையில் சென்று ஒவ்வொன்றாக எடுக்கும் காட்சி: புன்னைப் பூ, வலைக்கண், உப்புப் பாத்தி, மீன்கூடை. உரிப்பொருள் மனித முகத்திலோ, முகமின்றி ஓர் அசைவிலோ, ஒலியிலோ தோன்ற வேண்டுவது. இவ்வாறு கரும்பலகையில் எழுதியவுடன், மூன்றாண்டுகளாக மனப்பாடம் செய்து மறந்து வந்த முப்பொருட் பாகுபாடு அவர்கள் கையில் ஒரு வேலைத்திட்டமாக மாறிற்று.

நெய்தல் குழுவினர் எழுதிய முதற்காட்சி இது: எற்பாடு வேளை, கதிரவன் கடலில் அமிழ்கிறான், கரையில் ஒரு தனிப்படகு. அழகாகத்தான் எழுதியிருந்தனர். மாலையில் கருவியோடு கடற்கரைக்குச் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். கதிரவன் கடலில் விழவில்லை. ஊர்ப்பக்கம், பனைகளுக்குப் பின்னே, பள்ளிவாசல் மனாராவின் தோளருகே இறங்கிவிட்டான்! கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கதிரவன் எங்கே தோன்றுகிறான் என்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும் பாடத்தையும் தம் கடற்கரையையும் அதுவரை இணைத்துப் பார்த்ததில்லை. திரைப்படங்களில் கண்ட மேலைக்கடல் அந்தியே அவர்கள் நெஞ்சில் நெய்தலாக இருந்தது.

மறுநாள் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, நம் கடலுக்கு எற்பாடு எது?” என்றார். பதினேழு ஆண்டுகள் தொல்காப்பியம் நடத்திய எனக்கு அதுவரை எவரும் அவ்வினாவைத் தந்ததில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. எற்பாடு என்பதற்குக் கதிரவன் மறையும் பொழுது என்று பொருள் கொள்வோரும், தோன்றும் பொழுது என்று கொள்வோரும் உளர். முசிறியும் தொண்டியும் மேலைக்கரையில்; கொற்கையும் புகாரும் கீழைக்கரையில். இருபெருங் கடல்களையும் கண்ட இலக்கியத்தில் ‘கடலில் விழும் கதிர்’ மட்டுமே நெய்தல் ஆகாதன்றோ? இரண்டு வகுப்புகள் இவ்விவாதத்திலேயே கழிந்தன. முடிவு காணவில்லை. ஆனால் உரைவேறுபாடு என்பது தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா என்ற நிலை மாறி, நாளை மாலை கருவியை எத்திசையில் வைப்பது என்ற வினாவாக வந்து நின்றது.

அவர்கள் கண்ட தீர்வு சிறப்பானது. கீழைக்கரையில் மாலை வெயில் நமக்குப் பின்னிருந்து கடல்மேல் விழுகிறது. படகுகள் ஒளி பெறுகின்றன. மரங்களின் நிழல் கடலை நோக்கி நீள்கிறது. வீழும் கதிரவனைக் காட்டாமல், ஒரு பனையின் நிழல் மணலில் ஊர்ந்து சென்று ஈரக்கரையைத் தொடுவதைக் காட்டி, அங்கே இரங்கலை வைத்தனர். வசனமே இல்லை.

செவிக்குரிய பாடம்

காணொளி என்றவுடன் யாவரும் கண்ணையே நினைப்பர். எங்கள் பட்டறிவில் படங்கள் கெட்டது செவியால்தான். வகுப்பறையில் பதிவு செய்தால் மின்விசிறியின் இரைச்சல். அதனை நிறுத்தினால் வியர்வை. வெளியில் சென்றால் காற்றின் சீற்றமும் பேருந்தின் ஒலிப்பானும். கருவியைப் பேசுவோரிடமிருந்து ஒரு முழம், இரு முழத்திற்குள் வைத்தாலே பாதிக் குறை தீரும் என்பதைக் கற்க எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. பின்னணியுரையை உரக்கப் படித்து அளந்தபோது நிமிடத்திற்கு எண்பது முதல் நூறு தமிழ்ச் சொற்களே இயல்பாக அடங்குகின்றன என்று கண்டோம். ஐந்து நிமிடப் படத்திற்கு இரண்டாயிரம் சொல் எழுதி வந்தவர்கள் தாமே வெட்டத் தொடங்கினர். கட்டுரைச் சுருக்கம் என்னும் பயிற்சியை நான் எத்தனையோ முறை கொடுத்து நிறைவேறாதது இங்கே கேளாமலே நிறைவேறிற்று.

லகர ளகர ழகர வேறுபாடும் அவ்வாறே. வகுப்பில் திருத்தினால் தலைகுனிவார்கள். மறுநாள் மீண்டும் அதே பிழை. பதிவில் தம் குரலைத் தாமே கேட்டவுடன், “இன்னொரு முறை எடுப்போம் ஐயா” என்கின்றனர். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் கைப்பேசியில் அழைப்பை ஏற்பதற்கே தடுமாறுபவர். ஆனால் பாடலைச் சீர்பிரித்துப் படிப்பதில் அவருக்கு நிகர் அவரே. ஒரு குழு அவரைப் பின்னணிக் குரலுக்கு அழைத்தது. அவர் ஒலிப்பைக் கற்பித்தார்; மாணவிகள் இருவர் அவருக்குப் படத்தொகுப்பைக் கற்பித்தனர். தம் மூச்சொலியைத் தாமே வெட்டி எறிந்த நாளில் அவர் அடைந்த மகிழ்ச்சியை என்னென்பது! ஆசிரியர் குழுவுக்கு வெளியே மேற்பார்வையாளராக நின்றால் இத்தகைய பணி சிறவாது. உள்ளே ஓர் உறுப்பினராக வந்து தாமும் பிழை செய்தல் வேண்டும். நான் செய்த பிழையைக் கீழே கூறுகிறேன்.

இசை பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேற்செல்லலாம். திரைப்பாடல்களை எடுத்து ஒட்டும் பழக்கம் மாணாக்கரிடம் மிகுதி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தோரின் வாழ்நாளும் அதற்கப்பால் அறுபது ஆண்டுகளும் உரிமை நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நன்று. எங்கள் படங்களில் அலையோசையும் அம்மி ஓசையுமே இசை.

முகமில்லாத படம்

இரண்டாம் ஆண்டில் இசுலாமியத் தமிழ் இலக்கியம் பாடமாக வந்தது. ஒரு மாணவியின் பாட்டியார் அரபுத்தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிப்பவர் என்று தெரியவந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அம்மரபில் ப, ட, ங, ள, ழ முதலிய ஒலிகளுக்கு அரபு வடிவங்களிலேயே புள்ளியும் குறியும் கூட்டி எழுத்துகள் அமைத்துக்கொண்டனர் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடம் செல்லாத பெண்டிர் பலர் ஓதக் கற்ற அரபு எழுத்தின் வழியே தமிழைப் படித்தனர் என்பது நம் எழுத்தறிவு வரலாற்றில் போதிய இடம் பெறாத செய்தி. இன்று அதனைப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர்.

பாட்டியார் முதலில் மறுத்தார். பின்னர், “முகம் வேணாம்மா; குரலை வேணும்னா எடுத்துக்கோ” என்று பேத்தியிடம் கூறினாராம். எனக்கு உள்ளூர ஏமாற்றந்தான். முகமின்றி ஆவணப்படமா என்று எண்ணினேன். பேத்தியிடம் மீண்டும் கேட்டுப் பார்க்கும்படி சொல்லவும் செய்தேன். அவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது. அம்மாணவி என்னை நோக்கி, “ஒரு முறை கேட்டாச்சு ஐயா” என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

மாணவியர் மட்டுமே சென்று எடுத்தனர். வந்த படத்தில் இருந்தவை: வரிமேல் வலமிருந்து இடமாக நகரும் ஒரு விரல், பழுப்பேறிய தாள், சன்னல் வெயில், மூக்குக்கண்ணாடியை வைக்கும் ஓசை, அக்குரல். முகம் தெரிந்திருந்தால் நாம் முகத்தையே பார்த்திருப்போம். முகம் இல்லாமையால் வகுப்பு முழுவதும் எழுத்தைப் பார்த்தது. விரல் ஓரிடத்தில் தயங்கி நின்று, பின் புள்ளியை எண்ணிப் படித்தபோது, ழகர வடிவம் எதுவென்று நாற்பது பேருக்கும் ஒருசேர விளங்கிற்று.

மூலப்பதிவு நாற்பத்திரண்டு நிமிடம். அதில் ஒரு மாலை நூலின் பெரும்பகுதியை அவர் படித்திருந்தார். இடையிடையே தமக்கு ஓதிக்கொடுத்தவர் யார், எந்தத் திண்ணையில் படித்தோம் என்னும் செய்திகளையும் கூறியிருந்தார். நாங்கள் வெட்டித் தொகுத்த படம் நான்கு நிமிடம் பத்து நொடி.

பருவத் தேர்வுக்கு முன் ஒரு நாள், கல்லூரி விழா ஒன்றனைப் பதிவு செய்ய நினைவட்டை தேவைப்பட்டது. துறை மேசையில் இருந்த அட்டையை எடுத்து, நிரம்பியிருக்கிறது என்று கருவி காட்டியவுடன், முழுவதையும் அழித்துவிட்டு விழாவைப் பதிவு செய்தேன். படம் முடிந்துவிட்டதே, இனி மூலம் எதற்கு என்ற எண்ணம். அட்டையில் இருப்பது அதுதானா என்றுகூடச் சரிபார்க்கவில்லை. அறிந்தபோது காலங்கடந்துவிட்டது. அழிந்தவற்றை மீட்கும் மென்பொருள்கள் உண்டென்பது உண்மை. ஆயின் அதன்மேல் வேறொன்று பதிவாகிவிட்டால் அவற்றால் பயனில்லை. நானோ மூன்று மணி நேர விழாவைப் பதிவு செய்திருந்தேன்.

மாணவியிடம் சென்று சொன்னேன். விடுமுறையில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். விடுமுறைக்கு முன்பே பாட்டியார் இறைவனடி சேர்ந்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

இப்போது எங்கள் துறையில் சில நடைமுறைகள் உள்ளன. எடுத்த அன்றே இரண்டு வன்தட்டுகளில் படி எடுக்கிறோம். ஒன்று துறையிலும் மற்றொன்று நூலகத்திலும் இருக்கும். உயர்தெளிவுப் பதிவு நிமிடத்திற்கு நூறு மெகாபைட் அளவிலோ அதற்கு மேலோ இடம் கொள்ளும். ஆகவே மூலத்தை அழித்து இடம் பண்ணலாமே என்னும் ஆசை எப்போதும் எழும். இரண்டாவது படி சரியாக ஓடுகிறதா என்று இறுதிவரை பார்த்த பின்னரே அட்டையைத் துடைக்கலாம். அதையும் எடுத்த குழுவினரே செய்வர், ஆசிரியர் செய்யலாகாது. பதிவு செய்யப்படுவோரிடம் முகம், குரல், பெயர் ஆகிய மூன்றிற்கும் தனித்தனியே இசைவு பெறுகிறோம். வகுப்பில் மட்டுமா, விழாவில் காட்டலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். எழுத்தறியாதாரிடம் படித்துக் காட்டி வாய்மொழியாகவே பதிவு செய்கிறோம். மனம் மாறினால் பின்னர் மறுக்கலாம் என்பதும் அதில் உண்டு. இருவர் அவ்வாறு மறுத்தனர், அப்பகுதிகளை நீக்கினோம்.

படங்களுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்துள்ளோம். நாள், இடம், எடுத்தோர், பதிவின் நீளம், படிகள் இருக்குமிடம் என்று கட்டங்கள். இவ்வாண்டு மாணவர் ஒருவர் அதனைப் புரட்டிக்கொண்டிருந்தவர், முதல் வரியில் நாற்பத்திரண்டு நிமிடம் என்பதற்கு எதிரே ‘மூலம் இல்லை’ என்று என் கையெழுத்தில் இருப்பதைக் கண்டு, காரணம் கேட்டார். அன்றைய பாடவேளை முழுவதும் அதற்கே ஆயிற்று.