எஸ்எஸ்டி: பெட்டி மேல இருக்கிற நம்பரை நம்பலாமா?

எஸ்எஸ்டி வாங்கப் போனா முதல்ல கண்ணுல படுறது "நொடிக்கு 3,500 எம்பி வரை" என்ற வரிதான். இதுல கவனிக்க வேண்டியது 3,500 இல்லை, "வரை" என்ற சொல். அந்த வேகம் எவ்வளவு நேரம் நிற்கும்னு பெட்டி சொல்லாது. உள்ளே இருக்கிற சிப்புகளைப் பார்த்தாத்தான் தெரியும். காசு சேர்த்து பழைய லேப்டாப்புக்கு ஒண்ணு வாங்குறவங்க மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

1. நாண்ட் ஃபிளாஷ்

டேட்டா நிஜமா தங்குற இடம் இதுதான். ஒரு செல்லில் எஸ்எல்சி 1 பிட், எம்எல்சி 2, டிஎல்சி 3, க்யூஎல்சி 4 பிட் வைக்கும். டிஎல்சியில் 8 மின்னழுத்த நிலைகளைப் பிரிச்சறியணும், க்யூஎல்சியில் 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுத நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும். ஆனா விலை குறையும்.

இந்த மெதுவை மறைக்க, சில செல்களில் தற்காலிகமா 1 பிட் மட்டும் எழுதுவாங்க. இதுதான் எஸ்எல்சி கேஷ். பெட்டியில இருக்கிற ரைட் வேகம் இந்த கேஷோட வேகம். கேஷ் நிரம்பின பிறகு வர்றதுதான் நாண்டோட உண்மையான வேகம். பல மாடல்களில் டிரைவ் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும்.

2. கன்ட்ரோலர்

டிரைவோட மூளை. பிழை திருத்துறது, எல்லா செல்லும் சமமா தேயுற மாதிரி எழுத்தைப் பரப்புறது எல்லாம் இதோட வேலை. நாண்டோட பேச எத்தனை சேனல் இருக்குன்னு பாருங்க. விலை குறைஞ்ச டிரைவ்களில் பெரும்பாலும் 4, உயர்ரகத்தில் 8.

3. டிரேம்

எந்த டேட்டா எந்த இடத்தில் இருக்குன்னு சொல்ற மேப்பிங் டேபிளுக்கான இடம். 4 கேபிக்கு 4 பைட்னு கணக்குப் போட்டா, 1 டிபி டிரைவுக்கு சுமார் 1 ஜிபி வேணும். டிரேம் இல்லாத என்விஎம்ஈ டிரைவ்கள் கம்ப்யூட்டரோட ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டா டிரைவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால சாட்டா வாங்குறவங்க டிரேம் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

பேர் அதே, உள்ளே வேற

ரிவ்யூ படிச்சா போதும்னு நினைக்காதீங்க. 2021-ல் டபிள்யூடி ப்ளூ எஸ்என்550-யின் நாண்ட் மாறியது, மாடல் பேர் மாறலை. கேஷ் முடிஞ்ச பிறகு நொடிக்கு 610 எம்பி எழுதினது 390-க்கு இறங்கினதா சோதனையில் தெரிஞ்சது. இனி ஸ்பெக் பாதிக்கப்படுற மாற்றம் வந்தா புது மாடல் நம்பர் கொடுப்போம்னு நிறுவனம் அறிவிச்சது. டிஎல்சியோட வந்த க்ரூஷியல் பி2-வும் அதே வருஷம் க்யூஎல்சிக்கு மாறியிருந்தது. பழைய ரிவ்யூ, உங்க கைக்கு வர்ற டிரைவைப் பற்றியதா இல்லாமலும் போகலாம்.

நாமே சோதிக்கலாம்

டிரைவ் வந்ததும், ரிட்டர்ன் காலம் முடியறதுக்குள்ள, டேட்டா எதுவும் போடாம ஒரு சோதனை செய்யுங்க. எஃப்ஐஓ மாதிரி ஒரு டூலில் பாதி டிரைவ் நிரம்புற வரைக்கும் தொடர்ந்து எழுதுங்க. பென்டிரைவிலிருந்து காப்பி பண்ணா பென்டிரைவோட வேகம்தான் தெரியும். வேகம் எந்த ஜிபியில் விழுது, எவ்வளவுக்கு விழுதுன்னு குறிச்சுக்குங்க. கூடவே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் வெப்பநிலையையும் பாருங்க. சூடு ஏறினாலும் கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கும். சூடு ஏறாமலே வேகம் விழுந்தா, கேஷ் தீர்ந்துபோச்சுன்னு எடுத்துக்கலாம்.

செகண்ட்ஹேண்ட் என்விஎம்ஈன்னா ஸ்மார்ட் தகவலில் "டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்" எண்ணை 5,12,000 பைட்டால் பெருக்குங்க. 1 கோடி யூனிட்னா 5.12 டிபி எழுதியாச்சு. "மீடியா எரர்ஸ்" பூஜ்யமா இல்லைன்னா வாங்காதீங்க.

டிபிடபிள்யூ எண்ணைப் பார்த்து ரொம்ப பயப்பட வேண்டாம். சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டிபிக்கு 600 டிபிடபிள்யூ, 5 வருஷ வாரண்டி. வகுத்தா ஒரு நாளைக்கு சுமார் 329 ஜிபி. நம்ம புராஜெக்ட், விர்ச்சுவல் மெஷின், கேம் எல்லாம் சேர்த்தாலும் தினமும் அவ்வளவு எழுத மாட்டோம். நம்மை வாட்டப் போறது டிரைவோட ஆயுள் இல்லை, பாதி காப்பியில் படுத்துக்கிற வேகம்தான். அதைக் காசைத் திரும்ப வாங்க முடியற நாட்களுக்குள்ள கண்டுபிடிச்சிடுங்க.