விரைவும் விழிப்பும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டி நகரைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் பூமி. எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் எனப் பல திசையிலும் பரந்து செல்லும் இந்நிலத்தில் வற்றாத ஆறு இல்லை. வானம் பொழிந்தால்தான் புன்செய் விளையும். மழை பெய்தால் இம்மண் குழைந்து கலப்பையில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். இவ்விரு நிலைக்கும் இடையே மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்தச் சில நாட்களுக்குள் உழவன் விதைப்பை முடித்தாக வேண்டும்.

ஆதலால், கரிசல் உழவன் விரைந்து செயலாற்றுபவன். ஆயினும் பதறுபவன் அல்லன். நிலத்தை உழுது போடுதல், விதையைத் தேர்ந்து வைத்தல், கருவிகளைச் செப்பனிடுதல் ஆகிய எல்லாவற்றையும் அவன் மழைக்கு முன்பே முடித்திருப்பான். புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போரும் உண்டு. அவர்கள் விதையைச் சற்று ஆழத்தில் இடுவர். மேலாக இட்ட விதை முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதையோ, போதிய மழை பெய்த பின்னரே முளைவிடும். விரைவு வேறு, அவசரம் வேறு என்பதை இம்மண் தன் மக்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றது.

இதே பாடத்தைக் கற்பிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே மின்னல் சதுரங்கம்.

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிய பழைமையான ஆட்டமாகும். 64 கட்டங்கள் கொண்ட பலகையில், ஆளுக்கு 16 காய்களை வைத்து இருவர் ஆடுவர். பலகைக்கு அருகே ஒரு கடிகாரமும் இருக்கும். உலகப் பட்டத்திற்குரிய நெடிய ஆட்டத்தில், முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் அளிப்பது வழக்கம். விரைவுச் சதுரங்கத்தில் ஆட்டம் முழுமைக்குமே ஒருவருக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதே உண்டு. மின்னல் சதுரங்கத்தில் அப்பொழுது 10 நிமிடமோ அதனினும் குறைவோ ஆகும். உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஒருவர் பெறுவது 3 நிமிடமும், நகர்த்தல் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2 விநாடியுமே. நேரம் தீர்ந்துவிட்டால், பலகையில் எத்துணை வலிமையோடு நின்றாலும் பெரும்பாலும் தோல்வியே கிட்டும். இணையத்தின் வாயிலாக, கோவில்பட்டியில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவன் கடல் கடந்த நாட்டிலுள்ள மாணவன் ஒருவனோடு இவ்வாட்டத்தை இன்று ஆட இயலும். காண்பதற்கு எளிதாயினும், இவ்வாட்டத்தில் வெல்வது எளிதன்று. விரைவு இல்லாதவன் கடிகாரத்திடம் தோற்பான். விழிப்பு இல்லாதவன் எதிரியிடம் தோற்பான்.

இவ்விரண்டையும் தம் ஆட்டத்தில் இணைப்பதற்கு வாழ்நாளெல்லாம் முயன்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் விசுவநாதன் ஆனந்த். அவர் 1969-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்தார்; வளர்ந்தது சென்னையில். ஆறு வயதில் அவருக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய அன்னையார் சுசீலா அம்மையார். தந்தையார் இரயில்வே அலுவலர். அவருடைய பணியின் பொருட்டு, 1978-ஆம் ஆண்டளவில் அக்குடும்பம் பிலிப்பைன்சு நாட்டின் தலைநகராகிய மணிலாவில் சில காலம் வாழ்ந்தது. அங்குத் தொலைக்காட்சியில் நாள்தோறும் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. மகன் பள்ளியில் இருந்த வேளையில் அன்னையார் அதனைப் பார்த்து, அதில் வரும் புதிர்களைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடை காண்பர். சரியான விடை அனுப்பியோருக்கு நூல்கள் பரிசாக வழங்கப்பட்டன. ஆனந்த் மீண்டும் மீண்டும் பரிசு பெறவே, நிகழ்ச்சியை நடத்தியவர்கள், “வேண்டிய நூல்களையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்ப வேண்டா” என்று கூறிவிட்டனராம்.

சென்னைக்குத் திரும்பிய பின், சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய மிகைல் தால் சதுரங்கக் கழகம் அவருக்குப் பயிற்சிக் களமாயிற்று. ஆடுவோர் பலர், பலகைகளோ சில. ஆதலால் அங்கே மின்னல் ஆட்டமே மிகுதியாக நடைபெற்றது. வென்றவன் இருக்கையில் தொடர்ந்து அமர்ந்திருப்பான். தோற்றவன் எழுந்து சென்று, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எழாமல் ஆட விரும்பிய சிறுவன், விரைந்து காணவும் விரைந்து முடிவு செய்யவும் பழகிக்கொண்டான்.

அவ்விரைவு அவரை விரைவிலேயே உயர்த்தியது. 16 வயதில் அவர் இந்திய நாட்டின் வாகையர் ஆனார். 1987-ஆம் ஆண்டில் இளைஞர்க்கான உலகப் பட்டத்தை வென்றார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்னும் பெருமையைப் பெற்றார். எதிரி நீண்ட நேரம் சிந்தித்து ஒரு காயை நகர்த்துவார். ஆனந்த் சில விநாடிகளிலேயே மறுமொழி தருவார். ‘மின்னல் சிறுவன்’ என்று உலகம் அவரை வியந்து அழைத்தது.

இத்தகைய விரைவு எங்கிருந்து பிறக்கின்றது? எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை ஒரு சொல்லை மெல்ல மெல்லப் படிக்கும். நன்கு படித்தவனோ ஒரு வரியை ஒரு பார்வையில் படித்துவிடுவான். சதுரங்கத்திலும் அவ்வாறே. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடியும் ஆராய்ந்தும் பழகியவன் காய்களைத் தனித்தனியே காண்பதில்லை. அவை கூடி நிற்கும் அமைப்பையே அவன் காண்கின்றான். அவ்வமைப்பிற்கு ஏற்ற நகர்த்தலும் உடனே அவன் உள்ளத்தில் தோன்றுகின்றது. எனவே, ஆனந்தின் விரைவு முன்பே செய்த உழைப்பின் பயன். அதுவே அவருடைய தலையாய வலிமை.

ஆனால், வலிமை இருக்கும் இடத்திலேயே குறையும் ஒளிந்திருப்பதுண்டு. 1988-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் பீல் நகரில் நடந்த போட்டியில், கொலம்பியா நாட்டினரான அலோன்சோ சபாட்டா என்பவரோடு ஆனந்த் கறுப்புக் காய்களை வைத்து ஆடினார். ஐந்தாம் நகர்த்தலில் அவர் தம் மந்திரியை முன்னே கொணர்ந்தார். அந்நகர்த்தல் அவருக்குப் புதியதன்று. முந்திய ஆண்டில் வேறு இருவர் ஆடிய ஆட்டம் ஒன்றில் அதுவே ஆடப்பெற்று, அவ்வாட்டம் சமனாகவும் முடிந்திருந்தது. ஆயினும் அதில் ஒரு பிழை இருந்தது. சபாட்டா அதனைக் கண்டுகொண்டார். தம் அரசியை ஒரே ஒரு கட்டம் முன்னே நகர்த்தி, கறுப்பு அரசனுக்கு நேரே நிறுத்தினார். இடையில் அகப்பட்ட கறுப்புக் குதிரையைக் காக்க வழியில்லாது போயிற்று. ஆறே நகர்த்தல்களில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறர் ஆடியது என்பதனாலேயே ஒரு நகர்த்தல் சரியானது ஆகிவிடாது. நினைவில் இருப்பதையும் கண்ணால் ஒருமுறை சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

வேறு குறைகளும் பின்னர் வெளிப்பட்டன. 1991-ஆம் ஆண்டில் பிரசல்சு நகரில், முன்னாள் உலக வாகையர் அனத்தோலி கார்ப்போவை எதிர்த்து எட்டு ஆட்டங்கள் ஆடினார். 4½-க்கு 3½ என்ற புள்ளிக் கணக்கில் தோற்றார். 1995-இல் நியூயார்க் நகரில், காரி காசுப்பரோவோடு உலகப் பட்டத்திற்காகப் பொருதார். முதல் எட்டு ஆட்டங்களும் சமனாயின. ஒன்பதாம் ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். பத்தாம் ஆட்டத்திற்குக் காசுப்பரோவ் ஒரு புதிய திட்டத்தை முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தார். தம் யானையையே பலி கொடுத்துத் தாக்கினார். அன்று விரைந்து ஆடியவர் காசுப்பரோவ். தேடித் தவித்தவர் ஆனந்த். இறுதியில் 10½-க்கு 7½ எனக் காசுப்பரோவ் வென்றார். பலகையின்முன் அமர்ந்தபின் தோன்றும் அறிவு மட்டும் போதாது, அமருமுன் செய்யும் ஆயத்தமும் வேண்டும் என்பது அங்கே புலனாயிற்று.

குறையை அறிதல் எளிது. அதனைக் களைதல் அரிது. ஆனந்த் அவ்வரிய செயலைச் செய்தார். 2000-ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக உலகப் பட்டம் பெற்றார். 2007-இல் மீண்டும் அதனை வென்றார். அடுத்த ஆண்டில் செருமனி நாட்டின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கு அவரை எதிர்த்தார். அரசனுக்கு முன்னுள்ள காலாளை முதலில் நகர்த்துவதே ஆனந்தின் நெடுநாள் வழக்கம். அப்போட்டியிலோ, அரசிக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தித் தொடங்கினார். துணைவர் சிலரோடு சேர்ந்து பல திங்கள் ஆராய்ந்து, புதிய வழிகளையும் வகுத்து வந்திருந்தார். 6½-க்கு 4½ எனப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 38 வயதில், உலக வாகையராய் இருந்த நிலையிலும், பழகிய வழியை விட்டுப் புதிய வழியைக் கற்க அவர் தயங்கவில்லை.

2012-ஆம் ஆண்டில் மாசுகோவில் போரிசு கெல்பாண்டு என்பவரோடு ஆடிய 12 நெடிய ஆட்டங்களும் 6-க்கு 6 எனச் சமனாக முடிந்தன. பின்னர் நான்கு விரைவு ஆட்டங்களால் பட்டம் யாருக்கு என்பது முடிவாயிற்று. அவற்றுள் ஒன்றில் வென்று, மூன்றைச் சமன் செய்து, ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். இளமையில் தால் கழகத்தில் பழகிய விரைவு, 42 வயதில் அவருக்குக் கைகொடுத்தது.

எனினும், களைந்த குறை மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. 2013-இல் சென்னையிலேயே, நார்வே நாட்டு இளைஞரான மாக்னசு கார்ல்சன் ஆனந்தை எதிர்த்தார். ஒன்பதாம் ஆட்டத்தில் ஆனந்த் கடுமையாகத் தாக்கினார். எதிரி புதிய அரசி ஒன்றைப் பெற்று அரசனைத் தாக்கியபோது, மந்திரியை இடையில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவரோ குதிரையை நிறுத்தினார். எதிரியின் ஒரே மறுமொழியில் ஆட்டம் முடிந்தது. 6½-க்கு 3½ எனத் தோற்று, அவர் பட்டத்தை இழந்தார்.

அவருடைய காலம் முடிந்தது எனப் பலரும் எண்ணினர். ஆனால், 2017-ஆம் ஆண்டின் இறுதியில், ரியாத்து நகரில் நடந்த உலக விரைவுச் சதுரங்கப் போட்டிக்கு அவர் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 48. எதிரே அமர்ந்தோருள் பலர் அவருடைய வயதில் பாதியே ஆனவர். 15 சுற்றுகளிலும் அவர் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. கார்ல்சனையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். முதலிடத்தைத் தீர்மானிக்க நடந்த இரண்டு மின்னல் ஆட்டங்களிலும் உருசிய நாட்டு இளைஞர் விளாதிமிர் பெதோசேயவை வென்று வாகை சூடினார். அடுத்து நடந்த உலக மின்னல் சதுரங்கப் போட்டியிலும் மூன்றாம் இடம் பெற்றார்.

அவர் வழியில் இளைஞர் பலர் தமிழகத்தில் தோன்றியுள்ளனர். 2022-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், சென்னையைச் சேர்ந்த 16 வயது மாணவர் பிரக்ஞானந்தா, இணையவழி நடந்த விரைவுச் சதுரங்கப் போட்டியில், அப்பொழுது உலக வாகையராயிருந்த கார்ல்சனை வென்றார். 2024-இல் சென்னையைச் சேர்ந்த குகேசு, 18 வயதில் நெடிய ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றார்.

இணையத்தில் மின்னல் சதுரங்கம் ஆடும் மாணவர்க்கு ஆனந்தின் வாழ்க்கை சிறந்த வழிகாட்டி. ஓர் ஆட்டம் தோற்றவுடன், சினத்தோடு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவோர் பலர். அவ்வாறு நூறு ஆட்டம் ஆடினாலும், பழைய பிழையே நூறு முறை நிகழும். தோற்ற ஆட்டத்தை எடுத்துவைத்து, எந்த இடத்தில் பிழை நேர்ந்தது, எதிரியின் கருத்தைக் காணத் தவறியது எதனால் என்று ஆராய்தல் வேண்டும். காயைத் தொடுமுன், ‘எதிரி இதற்கு என் செய்வான்?’ என்று ஒரு விநாடியேனும் எண்ணுதல் வேண்டும். காய்கள் குறைந்துவிட்ட கடைசிக் கட்டத்தை ஆடும் முறையைப் பொறுமையாகப் பயிலுதல் வேண்டும். வாரத்தில் சில ஆட்டங்களையேனும் மெதுவாக ஆடுதலும் நன்று. மெதுவாகக் காணக் கற்றவனே பின்னர் விரைந்து காண்பான்.

புரட்டாசியில் கரிசல் காட்டில் விதைக்கும் உழவனின் கை விரைந்து இயங்குகின்றது. எனினும் அவன் கண் மண்ணின் பதத்தை விட்டு அகல்வதில்லை. கையின் விரைவைக் கண்டு வியப்போர், அதற்குமுன் கோடை முழுவதும் அவன் செய்த உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெடிய உழைப்பில் வேரூன்றி, விழிப்பைத் துணையாகக் கொண்ட விரைவே வெற்றி தரும்.